மிதித்தால் ஆடும் வேன்

பாடாங் மேஹாவில் ஒரு வேன் பிரேக் பிடிக்கும்போது நடுங்கினால் அது வண்டிக்காரனின் சொந்த விஷயம் இல்லை, ஊர் விஷயம். ஜப்பான் 1990-களிலேயே கைகழுவிய பழைய நிஸ்ஸான் வெனட் மாடலை மலேசியாவில் 2000-களிலும் விற்றார்கள். அதில் ஒன்று எனக்கு வாழ்க்கைப்பட்டது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்த் திரும்பும்போது, பினாங்கு பாலத்து நெரிசலில் பிரேக்கைத் தொட்டபோதெல்லாம் ஸ்டீயரிங் சாமியாடியது.

"கண்ணு பட்டிருச்சு, டயருக்கடியில எலுமிச்சம்பழம் வை" என்றார் அத்தை. டீக்கடையில் டயர் என்றார்கள், அலைன்மென்ட் என்றார்கள். பெரியப்பாதான் வேரைப் பிடித்தார்: "மிதிச்சாத்தானே ஆடுது? மிதிக்காத."

பட்டறைப் போர்மேன் தம்பி இவ்வளவு யோசிக்கவில்லை. "டிஸ்க்கு ஒரே கனமா இல்லண்ணே. கழட்டி ஸ்கிம் போடணும், கடைசல்ல சீவி மட்டமாக்கணும்."

சக்கரம் இறங்கியது. பிரேக் பேட்களைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் மேலே கட்டினார். ரப்பர் ஹோஸுக்கு இரும்பைத் தூக்கும் வேலை இல்லை. பழைய வேனில் டிஸ்க் தனியாக வராது, கூட்டுக் குடும்பம். கோட்டர் பின்னை உருவி, நட்டைத் திருகினால் ஹப், பேரிங், கருத்த கிரீஸ் எல்லாம் சேர்ந்துதான் படியிறங்கும். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் அடைப்பது அந்த நேரத்தில் தலையில் விழும் உபரி வேலை.

அடுத்து அளவு. டிஸ்க்கின் ஓரத்தில் பேட் படாத இடம் வரப்பாக நிற்கும். வெர்னியரை வரப்போடு சேர்த்துப் பிடித்தால் கிழட்டு டிஸ்க்கும் இளமையாகத் தெரியும். பேட் உரசும் பள்ளத்தில் மைக்ரோமீட்டர் வைத்தார். டிஸ்க்கிலேயே பெரும்பாலும் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். கடைந்தபின் அதற்குக் கீழே போனால் புதுசுதான். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். என்னுடையது தப்பித்தது.

கூலிம் கடைசல் பட்டறையில் முதல் வெட்டு ஓடியபோதுதான் வியாதி கண்ணில் பட்டது. ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் கத்தி படாத கருந்திட்டு. அந்த மேடுபள்ளம் விரல்நகத்துக்குக்கூடத் தட்டுப்படாது, ஆனால் அத்தையின் பல்செட்டுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் வெட்டில் திட்டு மறைந்தது, வார்ப்பிரும்புத் தூள் கரியாகக் கொட்டியது.

கடைந்த டிஸ்க்கைத் திரும்ப மாட்டினார் தம்பி. பிறகு புது பேட்.

அத்தை இன்னமும் எலுமிச்சம்பழம்தான் வேலை செய்தது என்கிறார். சொல்லட்டும். நீங்கள் ஸ்கிம் போடுவதானால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: வண்டியை நகர்த்துமுன் பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். பேட் மாட்டும்போது உள்ளே தள்ளிய பிஸ்டன் வெளியே வரும்வரை முதல் மிதியில் பிரேக் இருக்காது.