திரையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது எப்படி

கேம் கன்சோலின் டெவலப்மென்ட் கிட், சுருக்கமாக டெவ் கிட், என்பது கடையில் விற்கும் அதே கன்சோல்தான். நாம் எழுதியதையும் ஓட்டுவதற்குச் சம்மதிக்கும் என்பதே வித்தியாசம். கடைக் கன்சோல் கம்பெனி முத்திரை குத்திய விளையாட்டைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காது. டெவ் கிட் முத்திரை கேட்காது. பெரும்பாலும் அதில் நினைவகம் கூடுதலாக இருக்கும், கணினியோடு பேச ஒரு வாய் இருக்கும், புரோகிராம் படுத்துவிட்டால் எந்த வரியில் படுத்தது என்றும் சொல்லும். அழகாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதற்குக் கிடையாது. 2019இல் பிளேஸ்டேஷன் 5 கிட்டின் வரைபடம் பிரேசில் நாட்டு வடிவப் பதிவு ஒன்றின் வழியாக வெளியே வந்தபோது, நடுவில் ‘வி’ போலப் பள்ளம் விழுந்திருந்த அந்தப் பெட்டியை உலகமே கேலி செய்தது. பள்ளம் காற்றோட்டத்துக்கு என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கேலிக்கு அதெல்லாம் தடையில்லை.

அதிகாரபூர்வமான கிட்டைக் கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது. நிறுவனமாகப் பதிவு செய்து, என்ன விளையாட்டு என்று விளக்கி, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அதன்பிறகு கன்சோல் கம்பெனி மனம் வைக்கவேண்டும். வந்த பெட்டியைப் படம் எடுக்கக்கூடாது, வெளியாருக்குக் காட்டக்கூடாது. கூரியர்காரர் கதவு எண் புரியாமல் பக்கத்து மூன்று வீடுகளில் “என்னமோ கேம் மெஷினாம்” என்று விசாரித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவார் என்பதை ஒப்பந்தம் எழுதிய வக்கீல்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்த வழியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இந்தியாவிலும் உண்டு. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் 2009இல் பிளேஸ்டேஷன் 2க்கு ‘ஹனுமான்: பாய் வாரியர்’ செய்தது. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் செய்த ‘ராஜி’ 2020 ஆகஸ்டில் முதன்முதலாக நின்டென்டோ ஸ்விட்சில் வெளியானது. ஸ்விட்சை நின்டென்டோ அப்போது இந்தியாவில் முறைப்படி விற்கவே இல்லை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

தனி மனிதருக்கும் கிட் கொடுத்துப் பார்த்த கம்பெனி சோனி. 1990களின் பின்பாதியில் ‘நெட் யாரோஸே’ என்ற கறுப்பு நிற பிளேஸ்டேஷனைத் தபால் வழியே விற்றது. ஒரு கேபிள், சில வட்டுகள், சி மொழியில் எழுதுவதற்கான கருவிகள், அவ்வளவுதான். எழுதிய விளையாட்டை வட்டில் பதிக்க வழியில்லை. முதன்மை நினைவகமான 2 மெகாபைட்டுக்குள் சாமான் செட்டெல்லாம் அடங்கியாக வேண்டும். இப்போது மைக்ரோசாஃப்ட் 2016 முதல் கடை எக்ஸ்பாக்ஸையே ‘டெவ் மோட்’ என்ற நிலைக்கு மாற்ற அனுமதிக்கிறது. மிச்சமிருப்பது ஆர்வலர்களின் பாதை. யாரிடமும் அனுமதி கேட்காமல் பழைய கன்சோலுக்கு, ஆர்வலர்களே கட்டிய இலவச மென்பொருளை வைத்து எழுதுவது. புதுச்சேரி வீடுகளுக்குத் தோதானது இதுதான்.

ஏன் தோது என்பதற்கு ஊரின் வரலாறே காரணம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் மாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் பல. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்களின் வீடுகளில், பிள்ளைகள் பாரிசில், பெற்றோர் முத்தியால்பேட்டையில் என்ற ஏற்பாடு சர்வ சாதாரணம். கோடை விடுமுறைக்கு வரும் சித்தப்பாவின் பெட்டியில் சென்ட், சாக்லெட், பாலாடைக்கட்டி ஆகியவற்றோடு அவர் பிள்ளைகள் விளையாடிச் சலித்த கன்சோலும், ஆபீசில் கழித்துக்கட்டிய லேப்டாப்பும் வரும். இரண்டு தேசத்து நியமங்களும் ஒரே கூடத்தில் குடித்தனம் நடத்தும். டெவ் கிட் நிறுவுவதில் முக்கால் பங்கு வேலை, ஒத்துவராத இரண்டு பொருள்களை ஒத்துவர வைப்பதுதான் என்பதால், இந்த ஊர்க்காரருக்குப் பயிற்சி பிறந்ததிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

டி.வி.யில் மாட்டும் பழைய கன்சோலைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பிரான்ஸ் தன் டி.வி.க்களுக்கு செக்காம் என்ற முறையை வைத்திருந்தது. இந்தியாவில் பால் முறை. போதாததற்கு, 1980களின் தொடக்கத்திலிருந்தே அங்கே விற்ற டி.வி.க்களில் ‘பெரிடெல்’ என்ற 21 முனை இணைப்பு கட்டாயமாக இருந்தது. அந்த அகலக் கேபிளோடு வந்த கன்சோலை இங்குள்ள டி.வி.யின் பின்னால் வைத்துப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டைகள்தான் இருக்கும். இருபத்தொன்றை மூன்றில் நுழைக்க மாற்றி உண்டு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் தேடினால் கிடைக்கலாம், தேடுபவரின் ஞாயிற்றுக்கிழமைகள் கிடைக்காது.

ஆகவே கையடக்கக் கருவி. 2001இல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் இதற்கென்றே பிறந்தது. சொந்தத் திரை, இரண்டு பென்சில் செல், டி.வி. வேண்டாம், ப்ளக் வேண்டாம். உள்ளே ஏறத்தாழ 16.8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம் செயலி. திரை 240க்கு 160 புள்ளி. அதாவது 38,400 புள்ளிகள், 32,768 நிறங்கள். ஆவணங்கள் எல்லாம் ஆர்வலர்கள் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்கள், எந்தக் கம்பெனி கையேட்டைவிடவும் தெளிவாக.

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் செல் போடக்கூடாது. முதலில் செல் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். கடற்கரை ஊரில் சில வருஷம் அலமாரியில் கிடந்த எதிலும் உலோகத் தகடு பச்சை பூத்திருக்கும். உள்ளேயே விட்டுவைத்த செல் கசிந்திருந்தால் வெள்ளையும் சேர்ந்திருக்கும். வெள்ளைக்கு வினிகர் தொட்ட பஞ்சு, பச்சைக்கு ரப்பரால் மெல்லத் தேய்ப்பு, கடைசியாக ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. புதுச்சேரியில் ஆல்கஹாலுக்குப் பஞ்சமில்லை என்று கிளம்பிவிடக் கூடாது, தேவைப்படுவது ஐசோபுரோபைல். நூறு வகை பாட்டில் அடுக்கியிருக்கும் கடையில் இது மட்டும் இருக்காது. மருந்துக் கடையிலோ, செல்போன் பழுதுபார்ப்பவரிடமோ கேட்கவேண்டும்.

அடுத்தது லேப்டாப். மின்சாரம் இரு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த வகையில் இரு அரசுகளும் எதிர்பாராமல் ஒத்துப்போயின. ஆனால் பிரெஞ்சு ப்ளக்கில் எர்த் ஒரு துளை. அதற்குரிய கம்பி அங்கே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே எர்த் என்பது ப்ளக்கிலேயே இருக்கும் மூன்றாவது, தடித்த கால். இரண்டு காலும் நம் சாக்கெட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும், எர்த் மட்டும் அந்தரத்தில் நிற்கும். உலோக உடம்புள்ள லேப்டாப்பாக இருந்தால் மணிக்கட்டில் குறுகுறுவென்று ஓடும். அதைப் புரோகிராம் எழுதும் பரவசம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சார்ஜரிலிருந்து சுவருக்குப் போகும் கம்பியைக் கழற்றி இந்திய மூன்று கால் கம்பி மாட்டினால் பரவசம் நின்றுவிடும்.

விசைப்பலகை இதைவிடப் பெரிய விஷயம். பிரான்ஸ் லேப்டாப்பில் எழுத்துகள் ‘அசெர்ட்டி’ வரிசையில் இருக்கும். நமக்குப் பழகிய பலகையில் க்யூ இருக்கும் இடத்தில் ஏ, அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் எம். மேல் வரிசையில் எண்களுக்குப் பதில் தலையில் கோடு போட்ட பிரெஞ்சு எழுத்துகளும் குறிகளும். எண் வேண்டுமென்றால் ஷிஃப்ட் பிடிக்கவேண்டும். முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட். சி மொழிக்குச் சோறுதண்ணீர் போன்ற நெளி, சதுர அடைப்புகள் எல்லாம் ஆல்ட்-ஜிஆர் என்ற வலப்பக்க விசைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்: நெளி அடைப்பைத் திறக்க அதோடு 4, சதுர அடைப்பைத் திறக்க அதோடு 5. சி மொழியை உருவாக்கிய அமெரிக்கர்கள் பிரெஞ்சுக்காரர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பது கைவலியில் தெரியும். நியாயமாகச் சொன்னால், வரிக்கு வரி தேவைப்படும் அரைப்புள்ளியும், சுட்டிகளுக்கான நட்சத்திரமும் ஷிஃப்ட் இல்லாமலே வந்துவிடும்.

இது கஷ்டம், ஆபத்தல்ல. லேப்டாப்பை விண்டோஸ் மாற்றக் கடையில் கொடுத்து வாங்கிய பிறகுதான் ஆபத்து. கடைக்காரர் மொழியை ‘ஆங்கிலம், இந்தியா’ என்று வைத்துக் கொடுத்திருப்பார். இப்போது விசையின் மேல் அச்சிட்டிருப்பது பிரெஞ்சு, உள்ளே நடப்பது இந்தியா. புரோகிராமை உருவாக்கும் ‘மேக்’ என்ற கட்டளையைப் பார்த்துப் பார்த்து அடித்தால் எம் அரைப்புள்ளியாகவும் ஏ க்யூவாகவும் விழும். கேயும் ஈயும் மட்டும் விசுவாசமாக இருக்கும். அரைப்புள்ளியில் தொடங்கும் கட்டளையை டெர்மினல் இலக்கணப் பிழை என்று திருப்பியடிக்கும். கடவுச்சொல்லில் ஏ இருந்தாலோ, திரையில் நட்சத்திரங்கள் மட்டும் தெரிவதால் பிழை எங்கே என்றே புலப்படாது, சித்தப்பா மகனைக் கூப்பிட்டு “என்னமோ பாஸ்வேர்ட மாத்திட்டியா?” என்று நள்ளிரவில் கேட்கும் கட்டம் அது. தீர்வு, விண்டோஸ் அமைப்பில் பலகையைப் பிரெஞ்சு என்று மாற்றுவது. விசைகளின் மேல் காகிதம் ஒட்டுவது இன்னொரு தீர்வு. வியர்க்கும் ஊரில் அது வெகுநாள் தாங்காது.

இனி மென்பொருள். ஆர்வலர் உலகில் நிலைபெற்ற தொகுப்பின் பெயர் டெவ்கிட்புரோ. அதன் ஆர்ம் கம்பைலரும் நூலகங்களும்தான் கேம்பாய் அட்வான்ஸுக்கு வேண்டியவை. நிறுவி ஒன்று கிடைக்கும். அதில் ‘ஜிபிஏ டெவலப்மென்ட்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். நிறுவி தேவையானதை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால் லேப்டாப்பின் பேட்டரி காப்பாற்றும், வைஃபை பெட்டி காப்பாற்றாது. அதற்கும் இன்வெர்ட்டர் இணைப்பு உண்டா என்று முன்னமே பார்த்துக்கொள்வது நல்லது. பொதுவாகக் கூடத்து ஃபேனுக்கு உண்டு, வைஃபைக்கு இருக்காது.

கோப்புப் பாதையில் இடைவெளி இருக்கக்கூடாது என்பது இந்தத் தொகுப்பின் பழைய பிடிவாதம். ஃபோல்டரின் பெயரில் ஒரு வெற்றிடம் வந்தால் மேக்ஃபைல் அதை இரண்டு பெயர்களாகப் படித்துக்கொண்டு, இரண்டுமே இல்லை என்று சாதிக்கும். தாத்தாவின் முதலெழுத்து, பிரெஞ்சுப் பெயர், தமிழ்ப் பெயர் மூன்றையும் இடைவெளி விட்டுச் சேர்த்துப் பயனர் பெயராக வைத்திருக்கும் புதுச்சேரி லேப்டாப்புகளுக்கு இது பெரிய இடி. சி டிரைவின் வேரிலேயே ஒரு சொல்லில் ஃபோல்டர் போட்டுக்கொள்வது உத்தமம். எல்லாம் போட்ட பின்னும் ‘டெவ்கிட்ஆர்ம் எங்கே இருக்கிறது என்று உன் சூழலில் சொல்’ என்ற அறிவிப்பு வரலாம். அந்தச் சூழல் மாறியைப் பதித்துவிட்டு டெர்மினலை மூடித் திறக்கவேண்டும். திறந்திருக்கும் டெர்மினல் தான் பிறந்தபோது இருந்த உலகத்தை மட்டுமே நம்பும்.

முதல் புரோகிராமில் சாரம் மூன்றே வரி. இந்தக் கருவியில் ஆபரேட்டிங் சிஸ்டம் என்று எதுவும் இல்லை. நினைவக முகவரியில் எண்ணைப் போட்டால் வன்பொருள் கேட்கும். பதினாறடிமானத்தில் 04000000 என்ற முகவரியில் 1027 போட்டால், திரை ஒவ்வொரு புள்ளிக்கும் நேரடியாக நிறம் எழுதும் நிலைக்கு மாறும். 06000000இலிருந்து திரையின் நினைவகம். அதில் எண்பதாவது வரிசை, நூற்றிருபதாவது இடத்தில் 31 என்று எழுதினால் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. பச்சைக்கு 992, நீலத்துக்கு 31744. மூன்றாவது வரி, முடிவில்லாமல் ஒன்றும் செய்யாமல் சுற்றிக்கொண்டிரு என்ற கட்டளை. அதை எழுதாவிட்டால், புரோகிராம் முடிந்ததும் திரும்பிப் போக இடமில்லாமல் செயலி கண்ட நினைவகத்தையெல்லாம் கட்டளை என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்துவிடக்கூடும். வேலை முடிந்தபின் சும்மா இருப்பதற்கும் எழுத்துமூலம் உத்தரவு வேண்டும் என்பதை அரசு அலுவலகம் பார்த்து வளர்ந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

‘மேக்’ ஓடி முடிந்தால் ஒரு கோப்பு பிறக்கும். அதன் தலைப்பகுதியில் நின்டென்டோவின் சின்னம் 156 பைட் அளவில் இருந்தால்தான் உண்மையான கருவி கண் திறக்கும். தொகுப்பிலுள்ள சிறு கருவி அதைத் தானே பதித்துவிடும். இப்படிப்பட்ட பூட்டைத் திறப்பது திருட்டா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது: கன்சோல் கம்பெனி செகாவுக்கும் விளையாட்டுக் கம்பெனி அக்கலேடுக்கும் நடந்த வழக்கில் 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கலேட் பக்கம் நின்றது. கோப்பை முதலில் எம்ஜிபிஏ என்ற எமுலேட்டரில் ஓட்டிப் பார்க்கவேண்டும். லேப்டாப் திரையில் புள்ளி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மறுபாதிக்கு இரண்டு வழி. ஒன்று, எழுதி அழிக்கக்கூடிய கேட்ரிட்ஜ். தபாலில் வரவழைத்து, கஸ்டம்ஸைத் தாண்டி வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். மற்றது, கருவியின் இணைப்புத் துளை. கேட்ரிட்ஜ் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் கேம்பாய் அட்வான்ஸ் கேபிள் வழியே யாராவது எதையாவது தருவார்களா என்று காத்திருக்கும்; 256 கிலோபைட் வரை வாங்கி ஓட்டும். ராஸ்பெரி பை போன்ற சின்னக் கணினியிலிருந்து 3.3 வோல்ட்டில் அனுப்பலாம். கேபிளை அறுத்துப் பார்த்தால் கம்பிகளின் நிறம் வரைபடத்தோடு ஒத்துப்போகாது. மல்டிமீட்டர் சொல்வதை மட்டுமே நம்பவேண்டும்.

புள்ளியைக் காண்பதற்கு வெளிச்சம் வேண்டும். முதல் கேம்பாய் அட்வான்ஸின் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது; கூடத்துக் குழல்விளக்கில் கறுப்புக் கண்ணாடிதான் தெரியும். ஆகவே திண்ணையும் டெவ் கிட்டின் உறுப்பு. திண்ணைக்கு வந்தால் பார்வையாளர்களும் வருவார்கள். புள்ளி ஒன்றின் அகலம் கால் மில்லிமீட்டர். “எங்கடா கண்ணு இருக்குது? எனக்கு ஒண்ணும் தெரிலியே” என்பார் ஆயா, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு. சித்தப்பா, பாரிசில் இதே மெஷினில் கார் ரேஸ் ஓடியதே என்று ஞாபகப்படுத்துவார். பத்துக்குப் பத்து என்று நூறு புள்ளி வரைந்து காட்டுவது மரியாதை காக்கும் எளிய வழி. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையக் கட்டளை போதும்.

அடுத்த பாடம் பொத்தான்களைப் படிப்பது. 04000130 என்ற முகவரியில் பொத்தானுக்கு ஒரு பிட். அழுத்தினால் 0, சும்மா இருந்தால் 1. தலைகீழாக இருக்கிறதே என்று திருத்தப் போகவேண்டாம், வன்பொருள் அப்படித்தான். அன்றைய வேலை முடிந்ததும் இரண்டு செல்லையும் கழற்றி வெளியே வைத்துவிடவேண்டும். கேட்ரிட்ஜை உருவி ரேஸ் கேட்ரிட்ஜைப் போட்டுத் தா என்று வீட்டுச் சிறுவர்கள் கேட்டால், தந்துவிடலாம். கிட்டுக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.