நெடுக்கும் குறுக்கும்: கொட்டியாரக் குடாவை முன்வைத்து ஓர் ஈர்வாளியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே ஆள், ஒரே மரம், ஒரே வாள். குறுக்கே அறுக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறார். நெடுக்கே அறுக்கும்போது மரத்தை ஏசுகிறார். இந்தக் குணமாற்றத்துக்கு மரம் பொறுப்பல்ல, வாளின் பல்லே பொறுப்பு என்பதைத் திருகோணமலைத் துறைமுக வட்டாரச் சான்றுகளோடு நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

1. முன்னோடிகள்

இத்துறையின் பழைய விபத்து அறிக்கை பஞ்சதந்திரத்தில் உள்ளது. ஆப்பசைத்த குரங்கை எல்லோரும் பழித்தார்களே தவிர, ஆப்பு அங்கே ஏன் இருந்தது என்று எவரும் கேட்கவில்லை. நெடுக்கே அறுக்கையில் மரத்தின் உள்ளிறுக்கம் தளர்ந்து, அறுத்த வாய் மூடி வாளைக் கவ்வும். அதைத் தடுக்கவே ஆப்பு. ஆகவே அக்குரங்கு நெடுக்கறுவைக் காலத்தது எனத் துணியலாம்.

குறுக்கறுவைக்குச் சான்று நம்மூரிலேயே உண்டு. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துப் புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பெரிய பாய்மரத்தை வெட்டிச் சாய்க்க நேர்ந்தது. புதுப் பாய்மரம் நடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. வந்த இடத்தில், 1660இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிலேயே மாண்டார். மகன் தப்பியது 1679இல். குறுக்கே ஒரு வெட்டு, 19 ஆண்டுச் சிறை. அவர் பிடிபட்ட இடமென்று அக்குடாவையொட்டிய மூதூரில் காட்டப்படுவதும் ஒரு மரத்தடிதான். பாய்மரத்தை வெட்டியது கோடரியா வாளா என்ற சர்ச்சையை அடுத்த கட்டுரைக்கு ஒத்திவைக்கிறோம்.

2. பல்லியல்

மரம் என்பது நெடுக்காகக் கட்டிய ஈர்க்குக் கட்டு. குறுக்கே போகும் வாள் ஒவ்வொரு நாரையும் துண்டிக்க வேண்டும். அதனால் அதன் பல்லைச் சாய்த்து அராவிக் கத்திமுனை ஆக்குவார்கள். இடப்பல் ஒரு கீறல், வலப்பல் ஒரு கீறல். நடுவில் நிற்பது தூளாய் உதிரும். நெடுக்கு வாளின் பல்லோ நேராக அராவிய குட்டி உளி. நாரின் முனையை வெட்டிச் சீவலாகத் தள்ளும். சீவல் தங்க இடம் வேண்டுமென்பதால் பல் பெரிது: அங்குலத்துக்கு 5, 6. குறுக்கு வாளுக்கு 8 முதல் 12.

மாற்றி எடுத்தால்? உளிப்பல் குறுக்கே போனால் அடிப்பக்கம் சிலும்பு சிலும்பாகப் பிய்யும். கத்திப்பல் நெடுக்கே போனால் பல்லிடுக்கில் தூள் அடைந்துவிடும். வாள் நகராது, ஆள் மட்டும் நகர்வார்.

3. களம்

ஆய்வுக்கு எடுத்த மரம் சாவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கிலேய மர வியாபாரிகள் இதற்கிட்ட பெயர் 'திருகோணமலை மரம்'. சென்னையின் மசூலாப் படகுகளும் சாராயம் முதிரும் பீப்பாய்களும் இதில் செய்யப்பட்டவை. ஆனால் 'திருகோணமலை' என்று பெயரிட்டு 1817இல் பம்பாயில் வெள்ளோட்டம் விட்ட போர்க்கப்பலோ முழுத் தேக்கு. ஊரின் பெயரை எடுத்துக்கொண்டு ஊரின் மரத்தை விட்டுவிட்ட இச்செயல் நெடுக்கறுவையா குறுக்கறுவையா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

மரக்காலை ஒன்றில் பதிவான உரையாடல்:

"அண்ணை, இந்த மரத்தில ஏதோ பிழை இருக்கு."

"மரத்தில ஒரு பிழையும் இல்லை தம்பி. பலகை கிழிக்கக் குறுக்கு வாளை ஏன் எடுத்தனி?"

"வேற வாள் இல்லையே."

"அப்ப வேற வேலை எடு."

4. முடிவும் பரிந்துரைகளும்

அண்ணையின் கடைசி வாக்கியமே இவ்வாய்வின் முடிவு. கையில் ஒரு வாள்தான் என்றால் மாற்ற வேண்டியது வேலையை. மரத்தை ஏசிப் பயனில்லை.

அ) வாள் இரவல் கேட்பவரிடம் நெடுக்கா குறுக்கா என்று முதலில் கேட்க வேண்டும்.

ஆ) வெற்றிலையோடு பக்கத்தில் நின்று யோசனை சொல்பவர், அறுபடும் துண்டின் நுனியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இ) மூலைவாட்டில் அறுப்பவர்கள் குறுக்கு வாளையே எடுக்கலாம். இன்னும் ஐயமுள்ளவர்கள் முப்பட்டை அரத்தோடு வந்தால், பல் அராவும் முறையை ஆய்வாளரே செய்து காட்டுவார். கூலி தனி.