முதல் கேம்

கேள்வி: கோடிங் இப்போதுதான் படிக்கிறேன். முதல் கேமையே ஜிடிஏ மாதிரி பிரம்மாண்டமாகச் செய்யலாமா?

பதில்: தாராளமாக! ஜிடிஏ-வின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பார்த்தீர்களா? கல்யாண மண்டபமே நிரம்பிவிடும். நீங்கள் ஒண்டி ஆள். அதனால் சின்னதாகத் தொடங்குங்கள்.

1972-ல் அடாரி என்ற வீடியோ கேம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்கு, கை பழகட்டும் என்று முதலாளி நோலன் புஷ்னெல் கொடுத்த வேலைதான் 'பாங்'. இரண்டு மட்டை, ஒரு பந்து, ஸ்கோர். அவ்வளவுதான். மட்டையின் நடுவில் பட்டால் நேராகவும் ஓரத்தில் பட்டால் சாய்வாகவும் பந்து திரும்பட்டும் என்பது ஆல்கார்ன் சேர்த்த குசும்பு. ஆட்டத்தின் உயிரே அதுதான். கம்பெனிக்குச் சோறு போட்டதும் அந்தப் பயிற்சி வேலைதான்.

கேம் செய்ய உதவும் 'கொடோ' மென்பொருள் இலவசம். அதில் பாங்கைச் செய்து, பந்தின் வேகத்தை மட்டும் தாறுமாறாகக் கூட்டுங்கள். மட்டையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாலும் போய்விடும். ஏன் என்று கண்டுபிடிப்பதற்குள் ஜிடிஏ-வுக்கு அடுத்த பாகமே வந்துவிடும்!