ரெண்டு நொடிப் பழக்கம்

கேள்வி: பீளமேடு விமான நிலையத்தில் ஒரு பிரபல நடிகரைப் பார்த்து, “நல்லாருக்கீங்களா?” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை தலைக்கனம் ஆகுமா?
– ஒரு வாசகர், அவிநாசி

பதில்: ஏனுங்க, அவர் காதில் ஹெட்போன் இருந்ததா என்று பார்த்தீங்களா? தலைக்கனத்தை எடைபோட ரெண்டு நொடி போதாது.

நம்ம ஊர் சாண்டோ சின்னப்பா தேவரையே எடுத்துக்கொள்ளுங்கள். பயில்வான் உடம்பு, சட்டை கிடையாது, மார்பெல்லாம் சந்தனம். மருதமலைப் பக்கம் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டிருப்பீர்கள். எம்.ஜி.ஆரை வைத்து 16 படம் எடுத்தவர், 1971-இல் ராஜேஷ் கன்னாவை யானையோடு இந்தியில் ஓடவிட்டவர் என்று தோன்றியிருக்குமா?

அதுகூடப் பரவாயில்லை, முதல் பார்வை. கோவை அருணாசலம் முருகானந்தம் கதையில் பழகிய ஊரே ஏமாந்தது. மலிவு விலை நாப்கினைச் சோதிக்க, கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தார். பேய் பிடித்துவிட்டது என்றார்கள். மனைவியும் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனார், பின்னாளில் திரும்பி வந்தார். 2016-இல் பத்மஸ்ரீ, 2018-இல் அவர் கதையில் அக்‌ஷய் குமாரே நடித்தார். ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று சொல்ல ஊரில் எத்தனை பேர் கிளம்பியிருப்பார்கள், யோசியுங்கள்!

உங்கள் நடிகர் நிஜமாகவே திமிர் பிடித்தவராகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. அடுத்த முறை அவர் முன்னால் போய் நின்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்க.