உட்காருதலும் ஓர் ஆய்வுமுறையே: ஏஜியன் கடலின் இருபுறத்து இடிபாடுகளில் தம்பதியர் நடத்தை

இடிபாடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள் எல்லாரும் நடந்தவர்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து பத்துப் புத்தகங்கள் எழுதிய பௌசானியஸ், எந்தக் கோயிலில் எந்தச் சிலை இருந்தது என்று சலிக்காமல் சொல்கிறார். கால் வலித்தபோது எங்கே உட்கார்ந்தார் என்று சொல்வதில் அவருக்கு அக்கறை இல்லை. மனைவியோடு போனாரா என்பதற்கும் விடை இல்லை. பத்துப் புத்தகமும் குறுக்கீடில்லாமல் ஓடுவதைப் பார்த்தால், தனியாகத்தான் போயிருக்க வேண்டும் எனத் துணியலாம். இத்துறையின் இவ்விரு இடைவெளிகளையும் ஒருசேர அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், ஏதென்ஸில் தொடங்கித் துருக்கியின் போட்ரம் வரை. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் முதுகில் பையோடு கிளம்பிய நடுத்தர வயதுத் தம்பதியர். இடிபாட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்தில் எந்தத் தம்பதியும் இரண்டாகப் பிரியும். எல்லாத் தகவல் பலகைகளையும் வாசித்துவிட்டு அடுத்த தூணுக்குப் போகிறவர் நடப்பாளர். முதல் நிழலில் தங்கிவிடுகிறவர் அமர்வாளர். இவ்வாய்வில் மனைவி நடப்பாளர், கணவர் அமர்வாளர். கணவரும் கட்டுரையாளரும் ஒரே ஆள் என்பதால் முடிவுகள் ஒருபக்கமாகச் சாயும் என்று நடப்பாளர் ஆட்சேபித்தார். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

கருதுகோள் இதுதான்: பண்டைய நகரங்கள் உட்காருவதற்காகக் கட்டப்பட்டவை. அவற்றை நடந்தே பார்த்துத் தீர்ப்பது, கட்டியவர்களின் நோக்கத்துக்கு விரோதமான செயல்.

ஏதென்ஸின் பழைய சந்தைத்திடலான அகோராவில் பெர்கமோன் மன்னன் இரண்டாம் அட்டலோஸ் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த தூண் மண்டபத்தை, அமெரிக்கத் தொல்லியலாளர்கள் 1950-களில் முழுசாக மறுபடி எழுப்பினார்கள். நூறு மீட்டருக்கு மேல் நீளமான நிழல். இதே அகோராவின் ஓரத்திலிருந்த வேறொரு தூண் மண்டபத்தில்தான் ஸ்டோயிக் தத்துவஞானி சீனோ பாடம் சொன்னார். வெயிலில் காய்ந்தபடி தத்துவம் பேசியவர் என்று டயோஜெனிஸைக் காட்டி எதிர்வாதம் எழலாம். அலெக்சாண்டர் பார்க்க வந்தபோது அவர் படுத்திருந்தார் என்பதை எதிர்வாதிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அக்ரோபோலிஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1687-ல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து, துருக்கியர் உள்ளே அடுக்கியிருந்த வெடிமருந்து வெடித்ததில் பார்த்தினானின் கூரை போனது. அன்றிலிருந்து அங்கே நிழல் இல்லை.

எபிடாரஸ் அரங்கத்துக்கு வருவோம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. ஐம்பத்தைந்து வரிசைக் கல் இருக்கைகள், சுமார் 14,000 பேருக்கு இடம். ஒலி எப்படி அவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு, இருக்கைகளே காரணம் என்று ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2007-ல் விளக்கினார்கள். படிப்படியான சுண்ணாம்புக்கல் வரிசைகள் கூட்டத்தின் தாழ்ந்த இரைச்சலை வடிகட்டி, குரலை மட்டும் மேலே விடுகின்றனவாம். உட்காருமிடமே கருவி என்று அறிவியல் ஒப்புக்கொண்ட அரிய தருணம் இது. பிறகு 2017-ல் ஐந்தோவன் பல்கலைக்கழகத்து டச்சுக்காரர்கள் அளவுக்கருவிகளோடு வந்து, நடுவில் கிசுகிசுத்தால் கடைசி வரிசைக்குப் புரியாது, அதெல்லாம் கட்டுக்கதை என்று அறிவித்தார்கள்.

இதை நாங்கள் சோதித்தோம். நடப்பாளர் ஐம்பத்தைந்தாவது வரிசைக்கு ஏறிப்போய், என்னையும் வரச்சொல்லிக் கையை ஆட்டிக் கூப்பிட்டார். எனக்குக் கேட்கவில்லை. அரங்கம் கீழிருந்து மேலே ஒலி போவதற்குக் கட்டப்பட்டது, மேலிருந்து கட்டளை வருவதற்கு அல்ல. படமெடுக்க வசதியாக நடுக்கல்லில் நின்றிருந்த நான், “இந்த வெயில்ல இவளுக்கு வேற வேலையில்ல” என்று வாய்க்குள் முணுமுணுத்தேன். “என்ன சொன்னீங்க?” என்று மேலேயிருந்து உடனே கேள்வி வந்தது. டச்சு ஆய்வாளர்கள் அளவெடுக்கும்போது மனைவியின் காதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது புலனாகிறது.

ஒலிம்பியா என் கருதுகோளுக்கு ஆபத்தான இடம். நேர்மை கருதி அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஒலிம்பிக் ஓடுதளம் 192 மீட்டர். இருபுறமும் வெறும் மண்மேடு. அத்தனை ஆயிரம் பேரும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவர்களுக்குக் கல் மேடை உண்டு. எதிர்மேட்டில் டெமீட்டர் தேவியின் பூசாரிப் பெண்ணுக்கு ஒரு பலிபீட இருக்கை. மணமான மற்றப் பெண்கள் எட்டிப் பார்த்தாலே மலையிலிருந்து உருட்டிவிடுவது சட்டம் என்கிறார் பௌசானியஸ். இதைப் படித்த நடப்பாளர், பையை என் காலடியில் இறக்கிவைத்துவிட்டு, ஓடுதளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பிடிவாதமாக ஓடிவிட்டுத்தான் திரும்பினார். பழைய காலத்தில் இருவர் பாத்திரமும் மாறியிருக்கும்: அவர் வெளியே, நான் உள்ளே. ஆனால் உள்ளே இருந்தாலும் உட்கார்ந்துதான் இருப்பேன் என்பதால் கருதுகோளுக்குச் சேதமில்லை.

இங்கே பையைப் பற்றி ஒரு வார்த்தை. வரலாற்றின்மேல் உள்ள ஈடுபாடு முதுகிலுள்ள கனத்துக்கு எதிர்விகிதத்தில் இயங்குகிறது. எங்கள் பைகளில் ஒன்றில், வெளியூர் போனால் நாக்கு செத்துப்போகும் என்ற அச்சத்தில் எடுத்துவந்த புளிக்காய்ச்சல் பாட்டில் இருந்தது. கிரேக்க ரொட்டியில் அது நன்றாகவே சேர்ந்தது. மூடியை எத்தனை முறை இறுக்கினாலும் அடுத்த பேருந்தில் எண்ணெய் கசிந்து, சாமோஸ் தீவிலிருந்து குஷாதாசிக்குக் கப்பலேறும்போது வழிகாட்டி நூலின் எபேசு அத்தியாயம் முழுக்கப் பெருங்காய வாசனை.

எபேசுவோ அமர்வாளர்களின் தலைநகரம். செல்ச்சுக் ஊரிலிருந்து டோல்முஷ் என்னும் சிற்றுந்தில் போகலாம். மேல்வாசல் வழியே நுழைந்தால் வழி முழுக்க இறக்கம். இந்த ஒரு தகவலுக்காகவே வழிகாட்டி நூலின் விலையைக் கொடுக்கலாம். சாலையோரம் ரோமானியப் பொதுக் கழிப்பறை ஒன்று இருக்கிறது. சுவரை ஒட்டி நீண்ட பளிங்குப் பலகை, அதில் வரிசையாகத் துளைகள், அடியில் நீரோடும் கால்வாய், பாதத்துக்கு முன்னால் சுத்தம் செய்துகொள்ளச் சிறு நீரோடை. துளைக்கும் துளைக்கும் நடுவே தடுப்பு கிடையாது. பக்கத்தில் இருப்பவரோடு ஊர்வம்பு பேசுவதற்குத் தடையாக எதையும் அவர்கள் வைக்கவில்லை. நகர நாகரிகத்தின் உச்சம் என்று இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

கீழே கெல்சஸ் நூலகம். தந்தை கெல்சஸுக்காக மகன் அக்குவிலா கட்டியது. அப்பா அடித்தளத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார். காலை வெளிச்சம் வாசகர் மேல் விழவேண்டும் என்று முகப்பைக் கிழக்கு நோக்கி வைத்திருக்கிறார்கள். இன்று நாம் பார்க்கும் முகப்பை 1970-களில் ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் துண்டு துண்டாகச் சேர்த்து நிறுத்தினார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியமாகிவிட்டதால், உடைந்த தூண் தலை ஒன்றின் நிழல்பக்கத்தை ஒரு பூனை பிடித்திருந்தது. எபேசுவில் பூனைகள் ஏராளம். அவை எந்தப் பலகையையும் வாசிப்பதில்லை. அப்பால் சுமார் 25,000 பேர் கொள்ளும் பெரிய அரங்கம். பவுலின் தோழர்களை இழுத்துவந்து, அர்த்தமிஸ் தேவியின் பெயரைச் சொல்லி ஊரே இரண்டு மணி நேரம் கூச்சலிட்டதாக விவிலியம் சொல்வது இங்கேதான். இரண்டு மணி நேரம் கத்துவது உட்கார இடம் இருந்தால்தான் நடக்கும்.

நடப்பாளர்களின் வரலாறு என்ன செய்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். டிராய் நகரைத் தோண்டிய ஷ்லீமன், குன்றின் நடுவே பெரும் பள்ளம் வெட்டி, தான் தேடிவந்த அடுக்கையே வாரிக் கொட்டினார். 1873-ல் கிடைத்த தங்கப் புதையலை மனைவி சோபியா சால்வையில் மறைத்துக் கொண்டுபோனார் என்று எழுதினார். உண்மையில் அந்தச் சமயம் சோபியா ஏதென்ஸில் இருந்தார். இதைப் பிரிட்டிஷ் மியூசியத்துச் சார்லஸ் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஷ்லீமனே ஒத்துக்கொண்டிருக்கிறார். அந்த நகைகளை அணிந்து சோபியா எடுத்துக்கொண்ட படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது. தொல்லியலின் இந்தப் புகழ்பெற்ற படத்தில் இருப்பவர், சம்பவ இடத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர்!

அந்த நியூட்டன் 1850-களில் தோண்டிய இடம் போட்ரம், பழைய ஹாலிகர்னாசஸ். கி.மு. 353-ல் இறந்த மௌசோலஸுக்கு, அவன் மனைவியும் சகோதரியுமான ஆர்டெமிசியா எழுப்பிய கல்லறை ஏழு அதிசயங்களில் ஒன்று. கல்லையெல்லாம் பிற்காலத்தில் சிலுவைப் படைத்துறவிகள் கடற்கரைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஒரு பள்ளமும் சில தூண் துண்டுகளும் மிச்சம். கணவனின் சாம்பலை ஆர்டெமிசியா தண்ணீரில் கலந்து குடித்தாள் என்ற பழைய கதையை நடப்பாளர் சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, தூண் துண்டின் ஒரே நிழல்பக்கத்தில் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“எனக்கு ஏதாவது ஆனா நீங்க என்ன கட்டுவீங்க?”

“நாலு பேர் உட்கார்ற மாதிரி ஒரு திண்ணை” என்றேன். முன்னுதாரணமும் சொன்னேன். ஹெரோடிஸ் அட்டிகஸ் தன் மனைவி ரெகில்லா நினைவாக ஏதென்ஸில் கட்டியது, ஐயாயிரம் பேர் உட்காரும் அரங்கம்.

“அந்தப் பொண்ணு சாவுக்கு அவர்தான் காரணம்னு மச்சானே கேஸ் போட்டாராம். அதையும் படிச்சேன்.”

“விடுதலை ஆயிட்டார்.”

“அவர் சக்கரவர்த்திக்கே வாத்தியார். உங்களுக்கு யாரைத் தெரியும்?”