பேட்டரி இறங்கு படலம்

நீர்மேல் நிற்கும் கலத்தில் பேட்டரி ஆளில்லாமலே இறங்குவது எதனால் என்பது இவ்வுரையின் ஆராய்ச்சிப் பொருள். ஆய்வுக்களம், இங்கிலாந்தின் கிராண்ட் யூனியன் கால்வாயில் நான்கு குடும்பங்கள் பங்குபோட்டு வைத்திருக்கும் எங்கள் நாரோபோட். அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. ஆய்வாளர் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடலளவிலாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

முதலில் முன்னோர் வரலாறு. மோரித்ஸ் யாகோபி என்பவர் 1838-இல் ரஷ்யாவின் நேவா ஆற்றில் பேட்டரியாலேயே ஒரு படகை ஓட்டிக் காட்டினார். பத்துப் பேருக்கு மேல் ஏறிப் போனார்கள். மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய ஈய-அமிலப் பேட்டரியைப் பிரெஞ்சுக்காரர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் செய்தார். எங்கள் படகு ஓடுவதோ டீசலில். ஆனாலும் சாவியைத் திருகினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மௌனம். யாகோபியே தேவலை என்க.

இனிக் கொள்கைகள். 'தானாக இறங்கிவிட்டது' என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? சும்மா கிடக்கும் ஈய-அமிலப் பேட்டரி மாதத்துக்குச் சில சதவீதமே இழக்கும். எங்களுடையதோ நிறைந்த பேட்டரிக்குரிய 12.7 வோல்ட்டிலிருந்து இரண்டே வாரத்தில் ஒன்பதுக்கு வந்திருந்தது. 12.2-க்கு வந்தாலே பாதி காலி என்று கொள்க.

'ஃப்ரிட்ஜை அணைக்காமல் போனவர் மைத்துனர்' என்பது, என் மனைவி நீங்கலாக மற்ற எல்லாருடைய கொள்கை. மைத்துனரின் மறுப்புரை வருமாறு: "அத்தான், ஃப்ரிட்ஜ் ஓடுறது வீட்டு பேட்டரியில. செத்தது ஸ்டார்ட்டர் பேட்டரி. படகுல ரெண்டும் வேற வேற." மறுப்பு வலிது, ஏற்றோம்.

மூன்றாவது, 'பேட்டரி கிழடு, மாற்றுங்கள்' என்னும் கடைக்காரர் கொள்கை. இதை இருமுறை காசு கொடுத்துச் சோதித்தோம். புதியவையும் செத்தன. முழுக்க இறங்கிய பேட்டரி நாட்கணக்கில் அப்படியே கிடந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. ஆகக் கிழட்டுத்தனம் விளைவே அன்றிக் காரணம் அன்று.

உண்மை வெளிப்பட்டது ஒரு சட்டத்தின் தயவால். ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழக்கம்போல் ஸ்டார்ட்டர் பேட்டரி காலி. வீட்டு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு எஞ்சினைக் கிளப்பியிருக்கலாம். ஆனால் கட்டிக்கிடக்கும் படகில் இரவு எட்டு முதல் காலை எட்டு வரை எஞ்சினை ஓட்டலாகாது என்பது கால்வாய் விதி. காலையில் கிளப்பத் தோதாக இருக்கட்டும் என்று கேபிளை மட்டும் மாட்டினோம். ஊரடங்கிய அமைதியில், பின்தளப் பலகைக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல்.

பில்ஜ் பம்பு! படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்பு. ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் மல்டிமீட்டரைக் கோத்தால் 3 ஆம்பியர் காட்டியது. அடியிலோ விரல் நனையத் தண்ணீர் இல்லை. தொண்ணூறு ஆம்பியர்-மணி பேட்டரியை இப்படி முப்பது மணி நேரத்தில் குடித்துவிடலாம். இரண்டு வாரம் எதற்கு?

எல்லாவற்றையும் அணைக்கும் ஐசொலேட்டர் சுவிட்ச் இதை மட்டும் அணைக்காது. ஆளில்லாத நேரத்திலும் படகு மூழ்காமல் காக்க வேண்டும் என்று நேரே பேட்டரியில் இணைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை மேலே வந்து பம்பை ஓடவிடும். வடிந்தால் கீழே இறங்கி நிறுத்தும். எங்கள் மிதவை கிரீஸில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்திருந்தது. எஞ்சின் ஓடும்வரை அந்த முனகல் யார் காதிலும் விழாது. எஞ்சினை நிறுத்தியதும் நாங்கள் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். வேலி பயிரை மேய்ந்தது. பேட்டரி தீர்ந்தபின் வேலியும் இல்லை. அந்த நாள்களில் நிஜமாகவே தண்ணீர் புகுந்திருந்தால் இக்கட்டுரை வேறு தலைப்பில் வந்திருக்கும்.

கிரீஸ் வந்த வழியையும் ஆராய்ந்தோம். புரொப்பெல்லர் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் நீர் சொட்டாமல் இருக்க, ஓட்டி முடித்ததும் ஒரு திருகைத் திருகிக் கிரீஸ் ஏற்றுவது வழக்கம். திருகு சற்று இறுகியதும் நிறுத்த வேண்டும். நம்மவர் ஒருவர் கைவலிக்கும் வரை திருகியிருக்கிறார். மிஞ்சியதெல்லாம் அடியில் விழுந்து மிதவையைக் கவ்விக்கொண்டது.

அடிப்பகுதியைத் துடைத்தோம், மிதவையைக் கழுவினோம். பம்பு ஓடும்போது எரிய ஒரு சிவப்பு விளக்கையும் மாட்டினோம். குளிர்காலத்துக்கென்று கூரையில் சிறிய சோலார் தகடு ஒன்று. வெயில் வரும் நாளில் அதுவும் வேலை செய்யும். ஆறு வாரம் கழித்துப் போனபோது 12.6 வோல்ட்.

பங்காளிகளுக்கு ஒரு விண்ணப்பம்: கடைசியாக இறங்குபவர் பின்தளத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கவும். திருகை இறுகும் மட்டும் திருகினால் போதும், மாப்பிள்ளை.