மின்வெட்டு ஊரில் மின்சார கார்

நாமக்கல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு வண்டி என்றாலே மைலேஜ்தான். லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர்களும் நிறைந்த ஊர். அப்பா பழைய டீசல் அம்பாசடரை ஓட்டிவந்து நிறுத்தியதுமே பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தன குடுக்குதுங்க?"

பெங்களூரில் 2001-லேயே ரேவா என்ற குட்டி மின்சார கார் விற்பனைக்கு வந்துவிட்டது. இங்கே அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை. 2012-ல் சென்னையைத் தாண்டினால் நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. சேலம் கடைத்தெருவில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமும். டீசலை எரித்துக் கரண்ட் எடுத்த காலம் அது. இன்று அதே தெருவில் பச்சை நம்பர் பிளேட் கார்கள், டீசலுக்குப் பதில் கரண்டில் ஓடுகின்றன. இந்த மாற்றத்தை மனதார வரவேற்கிறேன்.

நான் தினமும் ராசிபுரத்திலிருந்து சேலம் போய்த் திரும்புகிறவன். போகவர 60 கி.மீ. வரும். வாங்கியது டியாகோ இவி, 24 யூனிட் பேட்டரி. மின்வாரியம் கணக்கெடுக்கும் அதே யூனிட்தான். வாங்கியபோது கம்பெனிக் கணக்கு 315 கி.மீ., ஏசி போட்டுக்கொண்டு பைபாஸில் போனால் 200 என்று வைத்துக்கொள்வதே நல்லது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ராத்திரி சொருகினால் போதும். இந்த ஓட்டத்துக்கு மேலும் சில லட்சம் கொடுத்துப் பெரிய பேட்டரி வாங்குவது வீண்.

சிக்கல் வந்தது வேறு இடத்தில். முதல் ராத்திரி சொருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது; வண்டியில் சார்ஜ் ஏறவே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "எர்த் செத்துப் போச்சுங்கண்ணா" என்றார். ஃபிரிட்ஜும் டிவியும் அத்தனை வருஷம் அதைப் பொறுத்துக்கொண்டன, கார் பொறுக்காது. கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். சித்திரை வெயிலில் மண் காய்ந்துவிடும் என்பதால் அந்தக் குழிக்கு இப்போதும் தண்ணீர் ஊற்றிவருகிறோம். மின் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு மாதக் கணக்கில் 300 யூனிட்டுக்கு மேல் காருக்கே போகிறது. வீட்டுச் செலவோடு சேர்ந்து 500-ஐத் தாண்டினால் யூனிட் விலை ஏறிவிடும். அப்படியும் பெட்ரோலை விடக் குறைவுதான்.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. சேலத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரம் ஏற வேண்டும். குடும்பத்தோடு ஒன்றரை டன் எடையை அவ்வளவு மேலே தூக்க மட்டும் 5 யூனிட் போய்விடும். இறங்கும்போது அதில் ஒரு பங்கு பேட்டரிக்கே திரும்புகிறது. அம்பாசடரில் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் இறங்கி முடிக்கையில் பிரேக் கருகும் நெடி மூக்கில் ஏறும். வழியில் நிறுத்தி ஆறவைப்போம். இப்போது கால் பிரேக்கைத் தேடுவதே அபூர்வம்.

சென்னைக்கு 340 கி.மீ. வழியில் ஒருமுறையாவது ஃபாஸ்ட் சார்ஜ் போட்டாக வேண்டும். அந்த இடத்தில் மிஷின் வேலை செய்யாவிட்டால் அடுத்தது எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் கிளம்புகிறேன். வாரந்தோறும் சென்னை போகிறவர்களுக்கும், அடுக்குமாடியில் தன் இடத்தில் பிளக் இல்லாதவர்களுக்கும் இந்தச் சின்ன வண்டி ஒத்துவராது. சொந்த வீடும் தினம் நூறு கி.மீ.க்குள் ஓட்டமும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஷோரூமுக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.